ஊற்றுக்கண் என்று பெயர் கொண்ட ஊரில் 13 ஆண்டுகள்

அரபு மொழியில் ‘ஐன்’ என்ற சொல்லுக்குக் கண் என்றும் ஊற்று என்றும் இரு பொருள்கள் உண்டு. தண்ணீர் சுரக்கும் இடத்தை ஊற்றுக்கண் என்று சொல்லியே வளர்ந்த எனக்கு, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரத்துப் பெயர் முதல் நாளே புரிந்துவிட்டது. ஊர் புரியப் பல ஆண்டுகள் ஆயின. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தோட்டப் பாசன மேற்பார்வையாளர் வேலைக்காக அங்கே சென்றேன். 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பினேன். இடைப்பட்ட காலத்தில் குழாய் பதித்தேன், மரம் வைத்தேன், வைத்தவற்றில் சிலவற்றைச் சாகவும் கொடுத்தேன். வளைகுடாவுக்கு வேலை தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் துபாயையும் அபுதாபியையும் போன்ற கடலோர நகரங்களை மனத்தில் வைத்தே புறப்படுகிறார்கள். உள்நாட்டில், மலைக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் ஒரு சோலை நகரத்தின் வாழ்க்கை வேறு வகையானது. அங்கே போகவிருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், கண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அபுதாபியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், ஓமன் நாட்டின் புரைமி நகரத்தை ஒட்டி அல் ஐன் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கிழக்கே ஹஜர் மலைத்தொடர். தெற்கே, துணைக்கு வேறு மலையின்றித் தனித்து எழும் ஜபல் ஹஃபீத் என்னும் சுண்ணாம்புப் பாறை மலை, 1,200 மீட்டருக்கும் மேல். மேற்கே, இரும்பின் துரு படிந்து செந்நிறமான மணற்குன்றுகள். ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் எப்படிச் சோலை வந்தது என்ற கேள்விக்கு விடை ஹஜர் மலையில் இருக்கிறது. அங்கே பெய்கிற மழை, மலையடிவாரத்துச் சரளை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தின் மெல்லிய சரிவோடு மேற்கு நோக்கி நிலத்தடியிலேயே நகர்ந்து வருகிறது. மணற்பரப்பு தொடங்குவதற்கு முன்னால், மனிதன் தோண்டி எட்டக்கூடிய ஆழத்தில் அது கிடைத்த இடங்களில் குடியிருப்புகள் தோன்றின. நகரத்துக்குள் ஐன், ஹீலி, கத்தாரா, ஜீமி, முவைஜி, முஅத்தரத் என ஆறு சோலைகள் இருக்கின்றன. ஊர் பின்னாளில் அவற்றைச் சுற்றி வளர்ந்தது. ஓமன் கடற்கரையின் சொஹார் துறையிலிருந்து ஜிஸ்ஸி பள்ளத்தாக்கு வழியாக வந்த ஒட்டகக் கூட்டங்கள் இங்கே தங்கி, தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போயின. ஹஃபீத் மலையடிவாரத்தில் உள்ள கல் கல்லறைகள் 5,000 ஆண்டுப் பழமையானவை. 2011இல், நான் போய்ச் சேர்ந்த அதே ஆண்டில், இந்தச் சோலைகளையும் தொல்லியல் இடங்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையில் என்னை ஐன் சோலைக்கு அழைத்துச் சென்றவர், அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவந்த கீழக்கரைக்காரர் ஒருவர். அவரை நாங்கள் எல்லாரும் ‘பாய்’ என்போம். நகரத்தின் நடுவே, மண் சுவர்களுக்கு இடையில் ஓடும் குறுகிய பாதைக்குள் நுழைந்து பத்தடி நடந்ததும் வெளியே அடித்த வெப்பம் குறைந்ததை உடம்பு உணர்ந்தது. மேலே பேரீச்சை மட்டைகள் கூரை போட்டிருந்தன. அதன் நிழலில் மா, எலுமிச்சை, அத்தி, மாதுளை, வாழை. அவற்றின் காலடியில் கால்நடைகளுக்கான குதிரைமசால். மூன்று அடுக்குச் சாகுபடி. பேரீச்சை வெயிலைத் தாங்கிக்கொண்டு கீழே உள்ளவற்றுக்கு நிழல் தருகிறது. நிழலில் மண்ணின் ஈரம் நிற்கிறது. அந்த ஈரத்தில் மற்றவை பிழைக்கின்றன. அந்தச் சோலையில் மட்டும் ஏறத்தாழ 1,47,000 பேரீச்சை மரங்களும் 100 வரையிலான வகைகளும் இருப்பதாகக் கணக்கு. “தம்பி, இங்க ஒரு பழத்தையும் பறிச்சிராதீங்க. ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் இருக்கார்” என்று பாய் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. பாதைதான் பொது, சுவருக்கு அந்தப்புறம் உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத்தின் உடைமை. பார்க்கப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாதையோரத்தில் ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் ஓடியது. ஒரு திருப்பத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. பிரியும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லும், அதைச் சுற்றி அடைத்த பழந்துணியும் தவிர வேறு கதவு கிடையாது. வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் குனிந்து, ஒரு மடையின் கல்லை எடுத்து அடுத்ததன் வாயில் வைத்து, துணியைக் கால் பெருவிரலால் அழுத்திச் சொருகினார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, புதிய பக்கம் திரும்பியது. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்த நான், மடையில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைக்கும் நீர்பாய்ச்சிகளைப் பார்த்தே வளர்ந்தவன். கையின் அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. வேலைக்கு வந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பார்த்த முதல் இடம் அதுதான்.

இந்த வாய்க்கால் முறைக்கு ஃபலஜ் என்று பெயர், பன்மையில் அஃப்லாஜ். மலைப்பக்கத்தில் நிலத்தடி நீரை எட்டும் ஒரு தாய்க் கிணற்றைத் தோண்டி, அங்கிருந்து ஊரை நோக்கி, மிகக் குறைந்த சரிவில் ஒரு சுரங்கத்தை வெட்டிக்கொண்டு வருவார்கள். நிலம் சரிந்துகொண்டே வர, சுரங்கம் ஓரிடத்தில் மேற்பரப்பைத் தொடும். அங்கே தண்ணீர் எந்த ஏற்றமும் இறைப்பும் இல்லாமல் தானே வெளியே ஓடும். தோண்டிய மண்ணை வெளியேற்றவும், காற்று புகவும், பின்னாளில் தூர் எடுக்க இறங்கவும் வழிநெடுக இடைவெளி விட்டுச் செங்குத்தான குழிகள் இருக்கும். ஹீலியில் அகழ்ந்து கண்ட ஃபலஜ் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புக் காலத்தது. சரிவு சற்றே கூடினால் தண்ணீர் சுரங்கத்தை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். லேசர் மட்டமானியை வைத்துக்கொண்டே குழாய்ச் சரிவில் தவறு செய்திருக்கிற எனக்கு, எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் நிலத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் இதை வெட்டியவர்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு.

வெட்டுவதைவிடக் கடினமானது பங்கிடுவது. நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவரை அரீஃப் என்பார்கள். அளவு நேரத்தில்தான், இன்னாருக்கு இத்தனை நேரம் என்று முறை. ஃபலஜ் ஊர்களில் பகலில் நட்ட கம்பின் நிழலையும், இரவில் குறிப்பிட்ட நட்சத்திரங்கள் எழுவதையும் மறைவதையும் வைத்து முறை மாற்றியிருக்கிறார்கள். 1946 முதல் 1966 வரை அல் ஐன் பகுதியின் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்தவர் ஷேக் சாயித். பின்னாளில் அமீரகத்தின் முதல் அதிபர் ஆனவர். பழுதுபட்ட ஃபலஜ்களைத் தூர்வாரியதும், சிலரிடமே குவிந்திருந்த நீர் உரிமையை மாற்றி ஏழை விவசாயிகளுக்கும் தண்ணீர் கிடைக்கச் செய்ததும் அவர் அங்கே செய்த முக்கியமான வேலைகள். ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது எண்ணெய்க்கு முன்னால் இந்த வாய்க்கால்களைச் சொல்வார்கள்.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளும் பெருந்தோட்டங்களும் பெருகியபோது நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. ஃபலஜ்கள் தாமாக ஓடுவது குறைந்து நின்றது. இப்போது சோலை வாய்க்கால்களில் ஓடுவது பெரும்பாலும் இறைத்து விடப்படும் நீர். வீடுகளுக்கான குடிநீர், கீழைக் கடற்கரையின் புஜைராவில் கடல்நீரைச் சுத்திகரித்து, மலையைத் தாண்டிக் குழாயில் வருகிறது. சாலையோர மரங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர். புதிதாக வருகிறவர்கள் தோட்டக் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிடக் கூடாது என்பதை, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

என் பெரிய தவறும் தண்ணீரில்தான் நடந்தது. மூன்றாம் ஆண்டு கோடையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் 40 எலுமிச்சைக் கன்றுகள் என் பொறுப்பில் இருந்தன. பாசனத்துக்கு அங்கே இருந்தது கிணற்று நீர். இலைகளின் நுனி கருகத் தொடங்கியதும், வெயிலில் வாடுகின்றன என்று நினைத்து, சொட்டுநீரை ஒரு நாளைக்கு ஐந்து முறையாக்கினேன். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். இரண்டு வாரத்தில் கருகல் இலையின் ஓரம் முழுவதும் பரவியது. பாய் வந்து பார்த்தார். கன்றின் அடியில் விரல் நகத்தால் மண்ணைக் கீறினார். மேலே மாவு தூவியது போன்ற வெள்ளைப் படலம். அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “தாகமில்ல தம்பி, உப்பு” என்றார். உவர்ப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வேர்ப்பகுதியில் தங்கிக்கொண்டே போகும். நிறையக் கொடுக்க வேண்டும், ஆனால் இடைவெளி விட்டு, இரவில். உப்பு வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போக வேண்டும். அதோடு, நனையும் வட்டத்தின் விளிம்பில் உப்பு சேர்வதால், சொட்டுவானைத் தண்டிலிருந்து படிப்படியாகத் தள்ளி வைக்க வேண்டும். 40இல் 17 கன்றுகள் பிழைத்தன. பாலைவனத்தில் செடி வாடினால் உடனே தண்ணீரைத் திறக்காமல் முதலில் மண்ணைக் கீறிப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாயிற்று.

எதை நடுவது என்பதும் அப்படித்தான். அமீரகத்தின் தேசிய மரமான காஃப், நம் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னிதான். வேரை மிக ஆழமாக இறக்கி, சாதாரண மரங்கள் எட்டாத நீரை எட்டும். ஒட்டகம் அதன் தழையைத் தின்னும். அதை அனுமதியின்றி வெட்டுவது அங்கே குற்றம். முதலாளிக்குப் புல்தரை வேண்டுமென்றால் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் யோசனை கேட்ட எவருக்கும் வன்னியையும் பேரீச்சையையுமே சொன்னேன்.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பி விட்டால் காய்ப்பு போதாது என்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண் பாளை வெடித்ததும் அதன் பூச்சரங்களை அறுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண் மரத்திலும் ஏறி, விரிந்த பாளைக்கு நடுவே சில சரங்களைத் தலைகீழாகச் சொருகிக் கட்டுவார்கள். ஒரு ஆண் மரம் ஏறக்குறைய 50 பெண் மரங்களுக்குப் போதும். ஏறுவதற்கு ஹாபூல் என்ற கயிற்றுப் பட்டை. முதுகையும் மரத்தையும் சேர்த்து வளைத்துப் போட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து, கயிற்றை மேலே எறிந்து எறிந்து ஏறுவார்கள். நம் பனையேறிகள் காலில் தளைநார் போட்டு மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார்கள். இவர்கள் மரத்தை விட்டு விலகிச் சாய்கிறார்கள். பேரீச்சையில் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை படிபோல இருப்பதால் அது முடிகிறது. ஏப்ரலில் குலையில் பாதியை வெட்டிக் குறைத்து, மீதியை மட்டையோடு கட்டித் தாங்க வைப்பார்கள். முதலில் பழுப்பது நகல் என்ற வகை, ஜூன் மாதத்தில். பின்னர் கலாஸ், குனைசி, லூலு. ஃபர்த் பிந்தி வரும். பாதி நெகிழ்ந்த பழத்துக்கு ருதப் என்று பெயர். அதைச் சில நாட்களுக்கு மேல் வைக்க முடியாது. முழுதும் உலர்ந்து சுருங்கிய தமர்தான் நம் ஊர்க் கடைகளுக்கு வருவது. ஜூலையில் கலாஸ் ருதபை மரத்தடியில் தின்றவனுக்கு, நம் ஊரில் பேரீச்சம்பழம் என்று தின்றது வேறு ஒரு பழம் என்று தோன்றும். விடுமுறைக்கு ஊருக்கு வாங்கி வருகிறவர்கள் தமரை மட்டும் வாங்குவது நல்லது; ருதப் பெட்டிக்குள் புளித்துவிடும்.

அந்த மரத்துக்கு வந்த பெரிய கேடு, நம் தென்னை விவசாயிகள் நன்கு அறிந்த சிவப்புக் கூன்வண்டு. தெற்காசியாவிலிருந்து 1980களின் நடுவில் வளைகுடாவுக்குள் புகுந்து பரவியது. வெளியே பச்சையாக நிற்கும் மரத்தின் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும். தண்டிலிருந்து கசியும் செம்பழுப்பு நீர், புளித்த வாடை, நாரும் தூளும் கலந்த எச்சம், நடுக்குருத்துச் சாய்வு ஆகியவை அடையாளங்கள். அமைதியான விடியற்காலையில் தண்டில் காதை வைத்தால் மெல்லும் ஒலி கேட்கும். நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். மட்டை வெட்டிய பச்சைக் காயத்தின் வாடைக்கே வண்டு வரும் என்பதால், வண்டு குறைவாகப் பறக்கும் குளிர் மாதங்களில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து பூசிவிட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியைத் தோட்டத்தின் ஓரத்தில்தான் வைக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே வைத்தால் அக்கம்பக்கத்து வண்டுகளை நாமே வருந்தி அழைத்தது போலாகும்.

வீட்டு வாழ்க்கைக்கு வருகிறேன். கோடையில் 45 பாகையைத் தாண்டும். ஆனால் கடலோரத்துப் புழுக்கம் இராது. காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பு நீரை இழப்பது கண்ணுக்குத் தெரியாது. சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடு கண்டால் உப்பு இறங்கிவிட்டது என்று பொருள். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது அப்போது போதாது, உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை உண்டு. நான் முதலில் வேலை செய்த இடத்தில் அந்த நேரத்தில் ‘சின்ன வேலைதானே’ என்று அனுப்பியதுண்டு. மறுக்கத் தெரியாமல் போய், மயங்கி விழுந்த ஒருவரை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அது தொழிலாளியின் உரிமை என்பதை முன்னரே தெரிந்துகொண்டு போங்கள். மறுப்பதற்குத் தயங்க வேண்டாம்.

மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் ஜூலையில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அங்கே எல்லாரும் செய்வது இது: குளியலறைக்குள் இருக்கும் வெந்நீர்க் கொதிகலனின் மின்சாரத்தைக் கோடை முழுதும் அணைத்துவிடுவார்கள். அறைக்குள் இருக்கும் அந்தக் கலனில் தங்கும் நீர் ஆறிவிடும். ஆகவே கோடையில் வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த நீரும், தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வரும். கார் மின்கலம் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கினால் நல்ல காலம். டயரின் தயாரிப்பு வாரத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. குளிர்கால விடியலில் அபுதாபி நெடுஞ்சாலையில் மூடுபனி இறங்கும். பத்து மணிக்குக் கிளம்புவதால் எந்த நட்டமும் இல்லை. புரைமிக்குப் போக முற்காலத்தில் தடையேதும் இல்லை. இப்போது வேலியும் சோதனைச் சாவடியும் உண்டு. கடவுச்சீட்டும், வண்டிக்கு ஓமனில் செல்லுபடியாகும் காப்பீடும் கையில் இருக்க வேண்டும்.

மழையைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் 2024இல் மாறியது. பிப்ரவரியில் கொட்டிய ஆலங்கட்டி எத்தனையோ கார்களின் கூரையைக் குழிகுழியாக்கியது. ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. 1949இல் பதிவு தொடங்கியது முதல் நாட்டில் அதுவரை காணாத அளவு. அந்த வறண்ட நிலம் தண்ணீரை உடனே குடிப்பதில்லை. மலையில் பெய்த மழை, ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாதி எனப்படும் காட்டாற்றில் திடீரென வந்துவிடும். வாதியின் படுகை சமமாக, நிழலோடு, கூடாரம் போட ஏற்றதாகத் தெரியும். அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது. நீர் ஓடும் தாழ்வான சாலையை ‘முழங்கால் அளவுதானே’ என்று கடக்கவும் கூடாது.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஐன் சோலைக்கு அதிகாலையிலோ மாலையிலோ போங்கள். மேல்நோக்கியே நடக்காமல் காலடி வாய்க்காலையும் பாருங்கள். அருகிலேயே 1890களில் கட்டிய ஜாஹிலி கோட்டை இருக்கிறது. ஹீலியில் தொல்லியல் பூங்கா. மாலையில் ஹஃபீத் மலைமேல் ஏறினால், கிழக்கே சாம்பல் நிற மலைகளும், மேற்கே சிவந்த மணலும், நடுவே தனித்தனிப் பச்சைத் திட்டுகளாக ஆறு சோலைகளும் தெரியும். உள்ளூர்க்காரர் எவரேனும் கஹ்வா என்னும் அரபுக் காப்பி கொடுத்தால் வலக்கையில் வாங்குங்கள்; போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில், பத்து ஆண்டுகளாக நான் பார்த்துவந்த ஒரு கலாஸ் மரத்தில் வண்டு கண்டது. காப்பாற்ற முடியவில்லை. வெட்டித் துண்டாக்கி அப்புறப்படுத்திய பிறகு, நோயில்லாத இன்னொரு கலாஸின் அடியிலிருந்து பக்கக்கன்று ஒன்றைப் பிரித்து, மருந்தில் நனைத்து, குழியை ஆறவிட்டுச் சற்றுத் தள்ளி நட்டோம். குருத்தில் தண்ணீர் தேங்காதபடி கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். இளம் மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, சாக்கு சுற்றிவிட வேண்டும். முதல் 40 நாட்கள் மண் காயக் கூடாது. காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். சாக்கைச் சுற்றிக் கட்டியவர், முதல் ஆண்டு சோலையில் மடை மாற்றிக்கொண்டிருந்த அதே வங்காளதேசத் தொழிலாளி. தண்ணீர் முறையை எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். சாக்கின் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு குருத்து விரிந்திருக்கிறது.